அத்தாவின் கையும் என் ரம்பமும்

பொழுதுபோக்கு யாது என எவரேனும் வினவினால், தமிழாசிரியன் ஒருவன் "நூல் வாசிப்பு" என விடையிறுப்பதே மரபு. என்னைப் பொறுத்தவரை அவ்விடை முழு உண்மையன்று. வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில், தகரக் கொட்டகையின் கீழ், மரத்தூள் படிந்த மேசை ஒன்று உண்டு. விடுமுறை நாட்களின் காலைப்பொழுது எனக்கு அங்கேதான் கழிகின்றது. "தொல்காப்பியம் நடத்தும் கைக்கு மரத்தூள் எதற்கு?" எனத் துறை நண்பர்கள் நகைப்பதுண்டு. அவ்வினாவுக்குரிய விடையையே இம்மலரில் எழுத முற்படுகின்றேன். அவ்விடை எங்கள் அத்தாவிடமிருந்து தொடங்குகின்றது.

அத்தா பனியன் கம்பெனியில் முப்பதாண்டுகள் கட்டிங் மாஸ்டராகப் பணியாற்றியவர். அடுக்கடுக்காக விரித்த துணியின்மேல் அளவு வரைந்து, ஓடிக்கொண்டே இருக்கும் பேண்டு நைஃப் கத்தியில் கொடுத்து, உடல், கை, கழுத்து என அறுத்தெடுப்பது அவர் தொழில். நான் ஆறாம் வகுப்பில் பயின்றபோது ஒருநாள் மாலை கையில் கட்டுடன் வீடு திரும்பினார். சுட்டுவிரலின் மேற்கணு போயிருந்தது. இரும்புக் கண்ணிகளால் பின்னிய கையுறை அணிந்து செய்ய வேண்டிய வேலை அது. கையுறை அணிந்தால் கை வேகம் குறையும். வேகம் குறைந்தால் கேள்வி வரும். ஆகவே அதைக் கழற்றி வைத்திருந்தார். மூன்றே வாரத்தில் மீண்டும் வேலைக்குச் சென்றார். என்னிடம் அவர் கூறியது இதுதான்: "கத்தி பக்கமே போகாதே. பேனாவைப் புடி."

அக்கட்டளையை நான் ஏறக்குறையக் காத்தேன். பள்ளியில் கைத்தொழில் வகுப்பு நடத்திய ஆசிரியர் ஒருவர், பிரெட் ரம்பம் ஒன்றை எனக்குக் கொடுத்துப் பழக்கினார். 'ப' வடிவில் வளைந்த இரும்புச் சட்டம். அதன் இரு முனைகளுக்கும் இடையே நூலினும் சற்றே பருத்த அலகு. ஏறத்தாழ ஐந்து அங்குல நீளம். அதைக்கொண்டு பிளைவுட் பலகையில் கிளியும் மயிலும் அறுத்தேன். செய்தி வீட்டை எட்டியதும் அத்தா ரம்பத்தை வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். ஒரு சொல்லும் வையவில்லை.

பின்னர் நான் பேனாவைப் பற்றிக்கொண்டேன். இளங்கலை, முதுகலை, எம்.ஃபில். எனப் படிப்பு வளர்ந்தது. இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' எனும் கட்டத்தில் நான் 'ஜவுளி' என்றே எழுதினேன். கட்டிங் மாஸ்டர் என்று எழுதக் கை கூசிற்று. ஜவுளி என்றால் படிப்பவர் முதலாளி எனவும் கொள்ளலாம் அன்றோ? அவ்விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட அத்தா அதைப் படித்தாரா என்பதை நான் கேட்டறிந்ததில்லை.

2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தது. இரவும் பகலும் பின்னல் எந்திரங்களின் ஓசை கேட்டே வளர்ந்த எங்கள் தெருவில், முதன்முறையாகக் குருவியின் குரல் கேட்டது. அவ்வமைதியில் பொழுது போகாமல் பரணைத் துழாவியபோது பழைய ரம்பம் கைக்கு வந்தது. அலகு துருவேறி இற்றிருந்தது. சட்டம் நன்றாகவே இருந்தது. கடைகள் திறந்தபின் புதிய அலகு வாங்கி மாட்டினேன். மரத்துக்குப் பஞ்சமில்லை. வெளிநாடுகளிலிருந்து பின்னல் எந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் பலகை எங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும்.

முதல் நாளே அலகுகள் மூன்று முறிந்தன. வளைவு வரும் இடத்தில் ரம்பத்தை நான் வலிந்து தள்ளினேன். சற்றுத் தொலைவில் அமர்ந்து பார்த்திருந்த அத்தா எழுந்து வந்தார். மீண்டும் பரண்மேல் ஏற்றிவிடுவாரோ என அஞ்சினேன். அவரோ பலகையின் ஓரத்தைத் தம் குறைவிரல் கையால் பற்றி, "தள்ளாதப்பா, மரத்தைத் திருப்பு. கத்தி அதும்பாட்டுக்கு அறுக்கும்" என்றார். கத்தி நின்ற இடத்திலேயே ஓட, துணியடுக்கைத் திருப்பித் திருப்பி வளைவு எடுப்பதே பேண்டு நைஃப் எந்திரத்தின் முறை. பிரெட் வேலையின் முறையும் அதுவே. முப்பதாண்டு அவர் செய்த வேலையைத்தான் நான் பொழுதுபோக்கு எனப் பெயரிட்டுச் செய்துகொண்டிருந்தேன் என்பது அந்நொடியில் விளங்கிற்று.

அடுத்த ஆண்டு கோவையில் மின்சாரத்தால் இயங்கும் ஸ்க்ரோல் சா ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். இதில் அலகு மேசையின் நடுவே செங்குத்தாக நின்று, நிமிடத்திற்கு 400 முதல் 1,600 முறை வரை மேலும் கீழும் இயங்கும். கற்க விழைவோர்க்குச் சில குறிப்புகள்: அலகின் பற்கள் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். விரலால் சுண்டினால் வீணைத் தந்திபோல் ஒலிக்கும் அளவுக்கு அலகு இறுக்கமாயிருத்தல் நன்று. உள்வெட்டுக்கு முதலில் துளையிட்டு, அலகைத் துளைக்குள் நுழைத்துப் பின்னரே பூட்ட வேண்டும். உள்வெட்டுகளை முடித்த பின்னரே வெளிவிளிம்பை அறுக்க வேண்டும். இல்லையேல் பிடிக்க இடமின்றி மரம் நொறுங்கும். ஒரே உருவம் பல வேண்டின், மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டி ஒருசேர அறுக்கலாம். துணியடுக்கின் தத்துவமே இது. மூக்கை மூடாமலும் கண்ணாடி அணியாமலும் அமரக் கூடாது. இவ்விதியில் அத்தா எனக்குச் சலுகை அளித்ததே இல்லை.

இக்கலை நமக்குப் புதிதன்று. மைசூரில் ஈட்டி மரத்தில் வண்ண மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரம் செய்வோர், அத்துண்டுகளை இத்தகைய நுண் ரம்பத்தாலேயே அறுக்கின்றனர். இங்கிலாந்தில் 1895 முதல் வெளிவந்த 'ஹாபீஸ்' எனும் வார இதழ், பிரெட் வேலைக்கான வரைபடங்களை இல்லந்தோறும் கொண்டுசேர்த்தது. கல்லிலோ, அகமதாபாத்தில் 1573ஆம் ஆண்டளவில் எழுந்த சித்தி சையது பள்ளிவாசலின் சாளரங்களைச் சொல்லலாம். கொடியும் மரமும் பின்னிப் பிணைந்த அச்சாளரங்களில், நீக்கப்பட்ட கல்லின் வெற்றிடமே ஒளியாகிச் சித்திரத்தைக் காட்டுகின்றது. இக்கலையில் கொள்வதைக் காட்டிலும் களைவதே பெரிது.

அறுத்த பொருள்களுள் என் மனத்துக்கு நெருக்கமானது குர்ஆன் ஓத உதவும் ரெஹால். ஒரே பலகையை ஆணியோ கீலோ இன்றி இரண்டாகப் பிளந்து, நடுவே ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்குமாறு செய்வது அதன் நுட்பம். இரண்டு பலகைகளைப் பாழாக்கி மூன்றாவதில் வென்றேன். மடிப்பு வேலையை உளியும் கைவாளும் செய்தன. ஓரத்துப் பூவேலையை மட்டும் ஸ்க்ரோல் சா செய்தது. அத்தா இப்போது அதன்மேல் வைத்துத்தான் ஓதுகின்றார்.

எழுத்தை அறுக்கத் தொடங்கியபோதுதான் நான் தமிழாசிரியன் என்பதே நினைவுக்கு வந்தது. 'ட'வும் 'ப'வும் நேர்கோடுகள், எளிதில் அமையும். 'ன'வும் 'ண'வும் சுழிக்குச் சுழி துளை கேட்கும். மெய்யெழுத்தை அறுத்தாலோ புள்ளி தனியே உதிர்ந்து விழும். ஆய்தம் அறுத்தால் கையில் மிஞ்சுவன மூன்று வில்லைகளே. ஓலைச்சுவடியில் புள்ளியிடாமல் எழுதினர் என்றும், அதனால் ஏடு படிப்போர் இடர்ப்பட்டனர் என்றும் வகுப்பில் பலமுறை கூறியிருக்கின்றேன். புள்ளியைத் தாங்குவது எத்துணைக் கடினம் என்பதை மரம்தான் உணர்த்தியது.

புறநானூற்றில் ஔவையார், அதியமானின் ஆற்றலுக்கு ஒரு சக்கரத்தை உவமையாக்குவார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு திங்கள் முழுவதும் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரம் அது. ஆண்டுதோறும் அப்பாடலுக்கு உவமை நயம் கூறி வந்தேன். விரைவாகச் செய்யத் தெரிந்தவன் மெதுவாகச் செய்யும் வாய்ப்பைப் பெறுவது எத்துணை அரிது என்பதை மட்டும் கூறியதில்லை. அத்தாவும் அத்தகைய தச்சனே. ஒரு நாளில் பல நூறு பனியன்களுக்கு வெட்டியவர்க்கு ஒன்றையேனும் ஆற அமரச் செய்ய வாய்த்ததில்லை. அவ்விரைவுக்கு அவர் கொடுத்த விலையை அவர் விரல் சொல்லும்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு வாயிலுக்குப் பெயர்ப்பலகை செய்தேன். அத்தாவின் பெயரை மேலே அமைத்து, அதன் கீழே 'கட்டிங் மாஸ்டர்' என எழுத்தெழுத்தாக அறுத்துத் தேக்குப் பலகையில் ஒட்டினேன். அவ்விரு சொற்களில் புள்ளி நான்கு. அவற்றுள் ஒன்று மேசையிலிருந்து உருண்டு மரத்தூளில் மறைந்தது. நானும் அத்தாவும் தரையில் அமர்ந்து நெடுநேரம் தேடினோம். இறுதியில் அவர் விரல்களே அதைக் கண்டெடுத்தன.

பலகையை மாட்டியபின் அவர் கண்ணாடி அணிந்து அருகில் சென்று படித்தார். அன்றைய விண்ணப்பத்தைப் பற்றி அப்போது கூறிவிட வேண்டுமென எண்ணினேன், நா எழவில்லை. அவர் திரும்பி, "மாஸ்டருக்கு வெச்ச கடைசிப் புள்ளி சாஞ்சிருக்கு" என்றார். பார்த்தேன், உண்மைதான். பெயர்த்தெடுத்து, அவர் பார்த்திருக்க, நேராக ஒட்டினேன்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் ஓவர்லாக் எந்திரத்திலும் செக்கிங் மேசையிலும் கைமடி வேலையிலும் பெற்றோர் ஈட்டிய பொருளால் இங்கே பயில்கின்றீர்கள். சேர்க்கைப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது சிலர் பேனா தயங்குவதை நான் கண்டிருக்கின்றேன். என் பேனாவும் தயங்கியது. அத்தொழிலின் பெயரைப் புள்ளி பிசகாமல் எழுதுங்கள்.