முப்பத்திரண்டு வயது மாணவர்

திண்டிவனத்தில் கிடங்கில் என்றொரு பகுதி இருப்பது நம் பக்கத்து நண்பர்களுக்குத் தெரியும். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ஊர் அதுதான். தமிழாசிரியராக இருந்த காலமெல்லாம் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போய்வந்தேன். வகுப்பில் அதைச் சொல்லாத ஆண்டு கிடையாது.

அப்படிப்பட்ட நான் ஒரு தவறு செய்தேன். 1997-இல் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், "அப்பா, நான் பி.ஏ. தமிழ் சேரட்டுமா?" என்று கேட்டாள். "தமிழ் படிச்சு நான் பட்டது போதும்மா. நீ பி.காம். சேரு" என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை.

போன மாதம் விழுப்புரம் வீட்டுக்கு வந்திருந்தாள். சென்னையில் கணக்கு வேலை, நல்ல சம்பளம். இரவு சாப்பிட்டு முடித்ததும், "பையன் காலேஜ் போயிட்டான். சிறுபாணாற்றுப்படையை முதல்லேருந்து எனக்குச் சொல்லித் தர்றீங்களாப்பா?" என்றாள். "இந்த வயசிலயா?" என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தனிநாயகம் அடிகளின் நினைவு வந்து அதைத் தடுத்தது.

அடிகள் 1913-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்தவர். குருவாகப் படிக்க ரோமுக்குப் போனார். அந்நாளில் அங்கே பாடமொழி லத்தீன். சிப்ரியன் காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருமார்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். ரோமானியர் எழுதியதை அவர்கள் மொழியிலேயே படிக்கத் தெரிந்த தமிழர்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே வாழ்நாளை மதிப்பாகக் கழித்திருக்கலாம்.

ஆனால் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர், அங்கே ஒரு பண்டிதரிடம் தமிழ் இலக்கியம் கற்கத் தொடங்கினார். 1945-இல் சிதம்பரம் வந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. மாணவராகச் சேர்ந்தார். வயது முப்பத்திரண்டு. ரோம் நகரத்து டாக்டர், தம்மைவிடப் பத்து வயது இளைய பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதே 1945-இல்தான் வீலர் நம் பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டி, இத்தாலிய மண்பாண்ட ஓடுகளை எடுத்தார். ரோமுக்கும் நமக்கும் இருந்த உறவு மண்ணிலிருந்து வெளிவந்த ஆண்டு அது.

லத்தீன் படித்தது வீண்போகவில்லை. சங்கப் பாடல்களின் இயற்கையைப் பற்றி ஆராய்ந்தபோது, கிரேக்க, ரோமானியக் கவிதைகளை அருகில் வைத்துப் பார்க்க அவரால் முடிந்தது. வயலையும் மாட்டையும் தேனீயையும் பாடிய வெர்ஜில் அவருக்கு அந்நியரல்லர். தமிழை உலகத்துக்குச் சொல்ல 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். பின்பு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவரானார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்ததற்கு அவரே முதற்காரணம். 1980-இல் மறைந்தார்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவருக்கு முப்பத்திரண்டுதானே, எனக்கு நாப்பத்தஞ்சு ஆச்சேப்பா" என்று சிரித்தாள். அப்போதுதான், "அன்னிக்கு உன்னை நான் தடுத்திருக்கக் கூடாதும்மா" என்றேன். இத்தனை வருஷம் சொல்லாத சொல். அவள் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து என் பழைய பத்துப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்குப் போனில் பாடம் நடக்கிறது. மரக்காணம் பக்கம் என்று சொல்லப்படும் எயிற்பட்டினம் வரை வந்திருக்கிறோம். இன்னும் வேலூரும் ஆமூரும் தாண்டவேண்டும். அந்த வேலூர் நம் உப்புவேலூர்தான் என்பார்கள். கிடங்கில் வந்ததும் அவள் நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாடத்தை அங்கேயே போய் உட்கார்ந்து நடத்தவேண்டும்.