காங்கேசன்துறை: குடியேறப் போகும் சகோதரிகளுக்கு ஓர் ஊர் வரலாறு

உடுவிலில் இருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே சென்றால் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதற்கப்பால் வீதி கடற்கரையில் முடிகின்றது. பஸ்ஸில் சென்றால் மிகக் குறுகிய பயணம். ஆனால் இந்தத் தூரத்தைத் திரும்பிக் கடக்க எமது பெண்கள் பலருக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். உறவினர் வீடுகளிலும், மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம் போன்ற நலன்புரி நிலையங்களிலும் தங்கினார்கள். அங்கு பிறந்த பெண் குழந்தைகள் அங்கேயே வளர்ந்து தாய்மாரும் ஆனார்கள். காங்கேசன்துறை அவர்களுக்குச் சொந்த ஊர். ஆனால் பார்த்தறியாத ஊர். தாயின் காணியில் வீடு கட்ட எண்ணும் மகளும், அவ்வூருக்கு மணமுடித்துச் செல்லும் பெண்ணும் உண்மையில் புதுக் குடிகளே. அவர்களுக்காகவே இந்தச் சிறு வரலாறு.

ஊரின் பெயரே ஒரு வருகையைச் சொல்கின்றது. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அழகிய முகம் பெற்றாள் என்றும், நன்றிக்கடனாக மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எழுப்பினாள் என்றும் ஐதீகம் கூறுகின்றது. அக்கோயிலுக்கான விக்கிரகம் இந்தியாவில் இருந்து கடல் வழியாக வந்து இறங்கிய துறை அப்போது கயாத்துறை எனப்பட்டதாம். காங்கேயனாகிய முருகன் வந்திறங்கியதால் அது காங்கேசன்துறை ஆயிற்று. ஒரு பெண்ணின் துன்பமும் ஆறுதலும் இந்த ஊர்ப் பெயருக்குப் பின்னால் இருப்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்து வந்தது புகையிரதம். கொழும்புடன் இணைவதற்கு முன்னரே, 1902ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், காங்கேசன்துறையில் இருந்து சாவகச்சேரி வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் பாதை தெற்குடன் இணைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி தன் ஓட்டத்தைத் தொடங்கியது. உத்தியோகத்தர்களும் வியாபாரிகளும் மாணவர்களும் ஏறி இறங்கிய கடைசி நிலையம் இதுவே. வடபகுதியின் கடைசி ஊர் என்று நாம் நினைப்பது, கப்பலில் வருபவருக்கு முதலாவது ஊர்.

மூன்றாவதாக வந்தது சீமெந்துத் தொழிற்சாலை. 1950இல் அது தொடங்கப்பட்டது. நிலத்தின் அடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லை இங்கேயே தோண்டினார்கள். களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனில் இருந்து வந்தது. தொழிலாளர்களும் பொறியியலாளர்களும் பல இடங்களில் இருந்து வந்து குடியேறினார்கள். அருகே மயிலிட்டியில் மீன்பிடி செழித்தது. கமமும் கடலும் தொழிற்சாலைச் சம்பளமும் சேர்ந்து குடும்பங்களை நடத்தின. காங்கேசன்துறையில் பழங்குடிகளைப் போலவே வந்தேறிய குடிகளும் உண்டு என்பதை இந்த வரலாறு காட்டுகின்றது. ஆகவே புதிதாக வருகின்றோமே என்று எந்தப் பெண்ணும் கூச்சப்பட வேண்டியதில்லை.

1990இல் எல்லாம் ஒரேயடியாக நின்றன. தொழிற்சாலை மூடப்பட்டது, புகையிரதமும் நின்றது. வீடுகளும் பாடசாலைகளும் கோயில்களும் உயர் பாதுகாப்பு வலயத்திற்குள் அகப்பட்டன. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின், குடாநாட்டுக்கான உணவும் பயணிகளும் திருகோணமலையில் இருந்து கப்பலில் இந்தத் துறைமுகத்திற்கே வந்தன. எமக்கு அரிசி வந்திறங்கிய துறையாக இருந்தும், துறைமுகத்து வீட்டுக்காரரால் தம் வீட்டைப் பார்க்க முடியவில்லை. இதைவிட வேதனை வேறென்ன?

யுத்தம் முடிந்த பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் கடற்றொழிலாளரிடம் வந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திற்கான பயணிகள் கப்பல் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. நான்கு மணித்தியாலம் அளவில் அக்கரை சேரலாம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சேவை நிற்கும். ஆயினும் வலிகாமம் வடக்கில் சில பகுதிகள் இன்னும் உரியவர்களிடம் சேரவில்லை.

ஆகவே அம்மாவோ அம்மம்மாவோ சொன்ன ஊரை அப்படியே எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். தொழிற்சாலைச் சங்கு இப்போது ஊதுவதில்லை. பல வீடுகளில் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியது; முற்றத்தில் பற்றை வளர்ந்தது. கல் தோண்டிய பெரும் பள்ளங்கள் இருக்கின்றன. சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார் இவற்றின் அருகே கவனமாக இருக்க வேண்டும். பற்றைக்குள் சந்தேகத்திற்கிடமான பொருளைக் கண்டால் தொடாமல் உடனே அறிவியுங்கள். குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தேங்கி நிற்பது. கரையோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் உள்ளே வரும். எனவே கிணற்று நீரைப் பரிசோதித்த பின்னரே வீட்டுத் திட்டம் போடுவது நல்லது.

இன்னொரு முக்கிய விடயம் காணி. எமது ஊர்களில் காணி பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணுக்கு வருவது. தேசவழமைச் சட்டப்படி அது அவளுக்கே உரியது. திருமணமான பெண் அதைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அச்சம்மதம் இல்லாமலே அனுமதி பெறச் சட்டத்தில் வழியுண்டு. காணாமற் போனவரின் மனைவியர் இதை அறிந்திருப்பது அவசியம். உறுதி தொலைந்திருந்தாலும் மனம் தளர வேண்டாம். பதியப்பட்ட உறுதியின் பிரதிக்குக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை வழங்குகின்றது. மீள்குடியேற்றப் பதிவுக்குக் கிராம அலுவலரையும் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தையும் நாடுங்கள்.

எல்லைக் கல் எங்கே, கிணறு யாருடன் பங்கு, பாதை எவ்வழி என்பன பல வேளைகளில் வயதான பெண்களின் நினைவிலேயே இருக்கின்றன. வேலி போய்விட்டாலும் மூலையில் நின்ற பனையை அவர்கள் மறப்பதில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முடிந்தால் அவர்களைக் காணிக்கே அழைத்துச் சென்று காட்டச் சொல்லுங்கள். போவதா, இருக்கும் இடத்திலேயே இருப்பதா என்பது உங்கள் முடிவு. இருபது வருடம் வேரூன்றிய இடத்தில் இருக்க விரும்புவதும் குற்றமல்ல. ஆனால் போகாவிட்டாலும் காணியின் உரித்தைக் கைவிட்டுவிடாதீர்கள். அது உங்கள் மகளுக்கும் சேரவேண்டியது.