கரையோரம் மூழ்கும் வீடுகள்

ஆலப்புழை: மழைக்காலத்தில் ஆளில்லாமல் நிற்கும் ஹவுஸ்போட்டுகளுக்கு எதிரி காயல் மட்டுமல்ல, குளியலறைக் குழாயும்தான்

ஜூன் பிறந்தால் புன்னமடைக் காயல் அடங்கிவிடுகிறது. டிசம்பரில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் ஹவுஸ்போட்டுகள் கரையோரம் இரண்டு மூன்று வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. சிராங்கும் சமையல்காரரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பல படகுகளுக்கும் சேர்த்து ஒரே காவலாளி. இத்தனை பெரிய படகை யாரும் திருடிக்கொண்டு போகப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பயம் வேறு. காலையில் வந்து பார்க்கும்போது ஏதாவது ஒரு படகு மட்டும் ஒரு சாண் தாழ்ந்து நிற்குமோ என்பதுதான் அது.

அப்படித் தாழ்ந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அடிப்பலகையை. அதற்குக் காரணம் உண்டு. கெட்டுவள்ளம் ஆணி அடித்துச் செய்யப்பட்டதல்ல. நாஞ்சில் நாட்டார் அயினி என்று சொல்லும் ஆஞ்சிலிப் பலகைகளைத் துளையிட்டு, கயிற்றால் தைத்து, இடைவெளியில் தேங்காய் நாரைத் திணித்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கட்டியது. 30 டன் வரை நெல்லும் சரக்கும் சுமந்த அந்தக் காலத்திலும் தையல் வழியே கொஞ்சம் கசியத்தான் செய்தது. வள்ளக்காரர்கள் அன்றாடம் இறைத்து வெளியே கொட்டினார்கள். படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கினார்கள். கசிவைக் கவனிக்க எப்போதும் ஆள் இருந்தது.

பாலங்களும் லாரிகளும் வந்து சரக்கைப் பறித்துக்கொண்டன. 1990களின் தொடக்கத்தில் வள்ளத்துக்கு மறுவாழ்வு கொடுத்தது சுற்றுலா. படுக்கையறை, ஷவர், கழிப்பறை, தண்ணீர் டேங்க், மோட்டார் என்று நகரத்து மாடி வீட்டின் குழாய் வேலை முழுவதும் நெல் கிடந்த இடத்துக்குள் புகுந்தது. இன்று ஃபைபரிலும் இரும்பிலும் அடித்தளம் செய்கிறார்கள். அவற்றில் தையல் இல்லை. குழாய்கள் அப்படியே இருக்கின்றன.

குழாய் கசிந்து படகு மூழ்குமா என்று கேட்டால், எந்தத் தண்ணீர் என்று திருப்பிக் கேட்க வேண்டும். கூரை மேலிருக்கும் 1,000 லிட்டர் டேங்க் உடைந்து முழுவதும் அடிப்பகுதிக்கு இறங்கினாலும் படகின் எடை ஒரு கிலோகூடக் கூடாது. அந்த ஒரு டன் ஏற்கெனவே படகில் இருந்ததுதான். ஆபத்து முடிவில்லாத தண்ணீரில் இருக்கிறது. ஒன்று, கரையிலிருந்து ஹோஸ் வழியாக வரும் தண்ணீர். மற்றொன்று, கழிப்பறைக்கும் என்ஜின் குளிர்ச்சிக்கும் நேரே காயலிலிருந்து எடுக்கப்படும் தண்ணீர். கரைக் குழாயைத் திறந்தபடியே விட்டுப் போன படகில், உள்ளே ஒரு ஹோஸ் கழன்று நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேரத்தில் 7,200 லிட்டர், அதாவது 7 டன்னுக்கு மேல். காயல் பக்கம் இன்னும் மோசம். நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே ஓர் அங்குலத் துளை இருந்தால் மணிக்குச் சுமார் 2,500 லிட்டர் உள்ளே வரும். மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

டேங்க் தண்ணீரையும் முழுதாக நம்பிவிட முடியாது. உள்ளே தேங்கிய தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், படகு சாயும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த கழிவுக் குழாயின் வாய் காயலுக்குள் போகும். அதன்பின் காயலே பார்த்துக்கொள்ளும்.

ஹோஸ் ஏன் கழல்கிறது? உப்புக் கலந்த தண்ணீரில் சாதாரண இரும்பு கிளிப் துருப்பிடித்து விட்டுப்போகிறது. வெயிலில் பிளாஸ்டிக் வெடிக்கிறது. வயலோரம் கட்டிய படகில் எலி வேறு. சீசனில் இதெல்லாம் பெரிய விஷயமல்ல, யாராவது பார்த்துவிடுவார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து படகுகள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றபோது, பராமரிப்பில்லாத சில கரையோரத்திலேயே மூழ்கின. ஆள் இருந்தாலும் போதாது, விழித்திருக்க வேண்டும் என்பதை 2022 டிசம்பர் காட்டியது. ஆலப்புழையில் இரவு நிறுத்தியிருந்த ஹவுஸ்போட்டில் அடியிலிருந்து தண்ணீர் புகுந்து, ஆந்திராவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி ஒருவர் இறந்தார்.

எல்லாம் தானாக நடக்கும் என்ற நம்பிக்கையே பாதிப் பிரச்னை. அடிப்பகுதியில் தண்ணீர் ஏறினால் மிதவை சுவிட்ச் பம்பைப் போடும். பம்ப் இறைத்துக் கொட்டும். வெளியிலிருந்து பார்த்தால் படகு சௌக்கியம். உள்ளே கசிவு வளர்ந்துகொண்டிருக்கும். ஓயாமல் ஓடினால் பேட்டரி ஒரு நாள் தாங்குவதே அதிகம். பேட்டரி அடங்கிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிகிறது. பம்பின் வெளிக்குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இல்லையென்றால், தாழ்ந்த படகுக்குள் அதே குழாய் வழியாகவே காயல் வந்துவிடும்.

கருத்தான உரிமையாளர் படகை விட்டு இறங்கும்போது செய்வது ரொம்ப சாதாரண வேலை. கரை ஹோஸைக் கழற்றிக் கரையிலேயே போட்டுவிடுகிறார். குழாயை மட்டும் மூடாமல், தண்ணீர் மோட்டாரின் சுவிட்சையே அணைக்கிறார். அழுத்தம் குறைந்தால் தானாக ஓடும் மோட்டாருக்குத் திறந்த குழாயும் உடைந்த குழாயும் ஒன்றுதான். டேங்கைக் காலி செய்கிறார். அடிப்பகுதியில் காயலை நோக்கித் திறக்கும் ஒவ்வொரு வால்வையும் கையால் திருகி மூடுகிறார். பல வருடம் திருப்பாத வால்வு இறுகிப்போயிருக்கும் என்பதால் மாதம் ஒரு முறை திறந்து மூட வேண்டும். சோம்பேறித்தனத்தால் கைவிடப்படுவது பெரும்பாலும் இதுதான். கடைசியாக, படகின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு பெயின்ட் கோடு. காவலாளி படகில் ஏறவே வேண்டாம். கோடு தண்ணீருக்குள் போனால் உரிமையாளருக்குப் போன்.

குட்டநாட்டுக்காரருக்கு இது புதிய பாடமில்லை. இங்கே வயல்களே கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன, சில இடங்களில் 2 மீட்டருக்கு மேல். ‘பெட்டியும் பறையும்’ என்று பெயர் பெற்ற பெரிய மரப் பம்புகள் தண்ணீரை இறைத்துக் காயலுக்கு அனுப்பினால்தான் நெல் விளையும். வரப்பில் ஒரு நண்டு வளை போதும், மடை உடைந்து பாடசேகரம் முழுவதும் காயலாகிவிடும். அதனால் விதைப்பு முதல் அறுவடை வரை வரப்பில் ஆள் நடந்துகொண்டே இருக்கிறது. வரப்பில் காட்டும் அக்கறையை அதே ஊர்க்காரர்கள் ஷவர் குழாயிடம் காட்டுவதில்லை என்பது வேடிக்கை.

ஆகஸ்டில் நேரு கோப்பைக்காகப் பாம்புப் படகுகள் பயிற்சிக்கு வருகின்றன. அண்மை ஆண்டுகளில் போட்டித் தேதி தள்ளிப்போனதுண்டு; பயணிகள் வருவது மட்டும் நிற்பதில்லை. ஹவுஸ்போட்டுகளில் பெயின்ட் வாசனை, புது மெத்தை, ஏசி பழுது. மாதக்கணக்கில் வறண்டு கிடந்த குழாய்களில் மறுபடி அழுத்தம் ஏறும் முதல் மணி நேரம்தான் மிக மோசமானது. அனுபவமுள்ள பணியாளர்கள் எல்லா வால்வையும் ஒரே மூச்சில் திறப்பதில்லை. தரைப்பலகைகளைக் கழற்றி வைத்து, ஒரு வால்வைத் திறந்துவிட்டு, டார்ச்சுடன் அடிப்பகுதிக்குள் உட்கார்ந்து இணைப்புகளை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். ஈரம் தட்டுப்படாவிட்டால் அடுத்த வால்வு. பலகைகளைத் திரும்பப் போடுவது எல்லாவற்றுக்கும் பிறகுதான்.