எந்தக் கிழமை வரட்டும்?

போன் மணி அடித்தாலே எனக்கு எரிச்சல் வந்த காலம் ஒன்று உண்டு. அழைப்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள், அக்கறையோடு அழைப்பவர்கள். "அத்தை எப்படி இருக்காவ? நேரத்துக்குச் சாப்பிடுதாவளா? என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்பார்கள். நின்றபடியே பதில் சொல்லுவேன். "நீ செய்யிறதெல்லாம் புண்ணியம்மா" என்று சொல்லிவிட்டு வைப்பார்கள். வைத்த பிறகு எனக்கு அழுகையாக வரும். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ராத்திரித் தூக்கம்.

என் மாமியாருக்கு அல்சைமர். முதலில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார்கள். பிறகு, காலையில் வந்துபோன பால்காரரை மத்தியானம் வரைக்கும் தேடினார்கள். வயசு ஆகிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் பார்த்த டாக்டர் மட்டும் அப்படிச் சொல்லி அனுப்பிவிடவில்லை. தைராய்டு, பி12 இரண்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அவை குறைந்தாலும் மறதி வரும், வந்தால் சரிசெய்யவும் முடியும் என்றார். தலைக்கு ஸ்கேனும் எடுத்தோம். எல்லாம் பார்த்த பிறகுதான் நோயின் பெயரைச் சொன்னார். புது நினைவுகளைப் பதியவைக்கிற மூளைப் பகுதியை இந்த நோய் முதலில் தாக்கும் என்று விளக்கினார். அதனால்தான் காலையில் தின்ற இட்லி மறந்துவிடும். கல்யாணத்தன்று கட்டிய கூறைப்புடவையின் கரை ஞாபகம் இருக்கும்.

சாயங்காலம்தான் கஷ்டம். வெயில் இறங்கியதும் அத்தை மஞ்சப்பையை எடுத்துவிடுவார்கள். உள்ளே ஒரு சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், ஒரு ரவிக்கை, சில நாள் டிவி ரிமோட்டும் இருக்கும். "பொழுது சாயுது. அம்மா தேடுவா. நான் வாரேன்" என்று வாசலுக்கு நடப்பார்கள். உங்கள் அம்மா இறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்று அந்த நேரத்தில் சொல்லக்கூடாது. சொன்னால், அந்தச் சாவு அவர்களுக்கு அன்றைக்குத்தான் நடக்கிறது. "காப்பி குடிச்சிட்டுப் போவோம் அத்தை, நானும் வாரேன்" என்று கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திக் கூட்டி வருவேன். திரும்பி வரும்போது, போகவேண்டிய வீடே இதுதான் என்பதுபோல உள்ளே வருவார்கள். கதவின் மேல்பக்கம் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் வைத்தோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு ராத்திரி அத்தை திடீரென்று முரண்டு பிடித்தார்கள், கத்தினார்கள், என்னை அடித்தார்கள். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் பயந்துபோனோம். கடைசியில் பார்த்தால் சிறுநீரில் கிருமி. மருந்து கொடுத்ததும் ஓரளவு பழையபடி ஆனார்கள். வயதானவர்களுக்கு ஒரே நாளில் குழப்பம் கூடினால், முதலில் டாக்டரிடம் கூட்டிப்போய் யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பிச்சிப்பூவும் வாழைநாரும் கொண்டு வந்தார். அத்தையின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீ போய்க் கொஞ்சம் படு பிள்ள, நான் இங்கதான் இருப்பேன்" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை, கதவிடுக்கு வழியே பார்த்தபடி நின்றேன். என் பெயரே தெரியாத அத்தை நாரை நீவி நனைத்தார்கள். இரண்டு பூவை இந்தப் பக்கமும் இரண்டைத் தலைமாற்றி அந்தப் பக்கமும் வைத்து, நாரைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டார்கள். ஒரு பூகூடக் கசங்கவில்லை. கை பழகிய வேலை மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அது சீக்கிரம் போகாது என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் போய்ப் படுத்தேன். முழித்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

அக்கா அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் வந்தார். அவரைப் பார்த்துத்தான் உதவி கேட்கக் கற்றுக்கொண்டேன். "மதினி, எதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த நாத்தனாரிடம், மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வந்து தங்கச் சொன்னேன். குடும்ப ஓய்வூதியத்துக்கு வருஷாவருஷம் கொடுக்கிற உயிர்வாழ்வுச் சான்றைக் கொழுந்தன் பொறுப்பில் விட்டேன். ராத்திரிக் காவல் என் கணவருக்கு. டயாப்பர் மாற்றவும் பழகினார். பெற்ற தாய்க்குச் செய்வதில் ஆம்பளைக்கு என்ன வெட்கம்? நம் வீடுகளில் மருந்துச் சீட்டுக்குப் பணம் கட்டுவதோடு ஆண்களின் பங்கு முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் மகள் அல்லது மருமகள் தலையில். இது அநியாயம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. அத்தனை பேருக்குப் பக்கத்திலும் தூக்கம் கெட்டு ஒருவராவது உட்கார்ந்திருப்பார். கேரளத்தில் 1992-இல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பும் சென்னையில் ஸ்கார்ப் நிறுவனமும் இந்தக் குடும்பங்களுக்காக வேலை செய்கின்றன. படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு, 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே ஆட்கள் வருகிறார்கள். முதியோருக்கான உதவி எண் 14567. கவனித்துக்கொள்கிறவருக்கே மனசு உடைந்துபோனால், ராத்திரி என்றாலும் 14416-ஐ அழைக்கலாம், தமிழில் பேசலாம். ஆனால் பகலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் கூட்டி வருகிற மாதிரி ஓர் இடத்தை எங்கள் ஊரில் தேடினேன், கிடைக்கவில்லை. குழந்தைகளுக்கு அங்கன்வாடி இருப்பதுபோல இவர்களுக்கும் மாவட்டத்துக்கு ஒன்றாவது அரசு திறக்க வேண்டும்.

அத்தை இப்போது இல்லை. கடைசி வரைக்கும் வீட்டில் வைத்துப் பார்க்க முடிந்தது என் பொறுமையால் இல்லை. கைமாற்றிக்கொள்ள நாலு பேர் இருந்தார்கள்.

உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ இப்படி ஒரு வீடு கட்டாயம் இருக்கும். அடுத்த முறை போன் செய்யும்போது நலம் விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நான் வரட்டும்?" என்று கேளுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண்ணைத் தூங்க விடுங்கள்.