மாட வீதியில் ஒரு ரூம்

திருத்தணியிலிருந்து சென்னைக்கு என் மகள் தினமும் ரயிலில்தான் வேலைக்குப் போய் வந்தாள். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். "இனிமே முடியாது நைனா, மயிலாப்பூர்லயே ஒரு ரூம் பார்த்துடலாம்" என்றாள். வேர்க்கடலை பிடுங்கி முடிந்த வாரம் கிளம்பினோம்.

கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நாலு மாட வீதி. காய்கறி, பூ, மருந்துக்கடை, பறக்கும் ரயில் ஸ்டேஷன், எல்லாமே நடக்கிற தூரம். கொஞ்சம் தள்ளி ராதாகிருஷ்ணன் சாலை. 1888-ல் எங்க திருத்தணியில பிறந்தவர், கடைசிக் காலத்தில் இருந்த வீடும் அந்த ரோட்டில்தான். ஊர்க்காரர் பேர்ல ரோடே இருக்கு, நமக்கு ஒரு ரூம் கிடைக்காதா என்று நினைத்தேன்.

முதல் வீட்டில் வாடகை 12,000, பத்து மாச அட்வான்ஸ். ரெண்டு ஏக்கர் கடலையில் செலவு போக எனக்கு நிற்பது அதில் பாதி கூட இல்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2017-ம் வருஷச் சட்டம் இருக்காம். மகள் சொன்னாள். வீட்டுக்காரர் சிரித்தார், அவ்வளவுதான்.

அடுத்த வீட்டில், "நீங்க என்ன ஆளுங்க? சைவமா?" என்றார்கள். கிருத்திகைன்னா சைவம், ஞாயித்துக்கிழமை கறி எடுப்போம் என்று உள்ளதைச் சொன்னேன். "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோமே" என்றார்கள். கேட்டில் 'டு லெட்' போர்டு அப்படியே தொங்கியது.

மகளுக்குக் கோபம். எனக்கு வெட்கம். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ரோட்டோர ரூமைக் கேட்டு ஒரு புதுசா கல்யாணமான ஜோடி வந்தது. "என்ன ஆளுங்க?" என்று நானும்தான் கேட்டேன். "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேன்" என்றேன். பொய். அதில் உர மூட்டைதான் அடுக்கி வைத்தேன்.

சாயங்காலம் சித்திரக்குளம் பக்கம் ஒரு பழைய வீட்டில் பின்கட்டு ரூம் அமைந்தது. மூணு மாச அட்வான்ஸ். வீட்டுக்கார அம்மா கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி எத்தனை மணிக்கு வருவே கண்ணு? கதவு திறக்கணுமில்ல."

ஊருக்கு வந்ததும் மூட்டைகளைக் கொட்டகைக்கு மாற்றினேன். நேற்று ஒரு தம்பி ரூம் கேட்டு வந்தார். "நாங்க வந்து..." என்று தயங்கி ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேணாம் தம்பி. காலைல ஆறு மணிக்கு மோட்டார் போடுவேன், தண்ணி பிடிச்சு வச்சுக்கோங்க" என்று சாவியைக் கொடுத்தேன்.