கண்ணாடிக்குள் ஒரு கடற்சாமந்தி

மட்டுநகருக்குச் செல்வோர் யாவரும் முதலில் நினைப்பது பாடும் மீனைத்தான். நாமும் அந்த ஆவலுடனேயே புறப்பட்டோம். நிலாக்கால இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் அமர்ந்து, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைக் காதோடு பொருத்திக் கேட்டால், வாவியின் அடியிலிருந்து நரம்பை மீட்டினாற்போன்ற ஓசை எழும் என்பர். ஆனால், நாம் போய்ச் சேர்ந்த ஆவணி மாலையில் வானம் மூடிக் கிடந்தது. நிலவைக் காணோம், பாட்டும் கேட்கவில்லை.

"பாடும் மீன் இன்று உங்களுக்கு வாய்க்கவில்லை. பாடாத மீன் இரண்டு என் வீட்டில் இருக்கின்றன, அவற்றையாவது வந்து பாருங்கள்" என்று அழைத்தார், புளியந்தீவில் வாழும் எமது நண்பர். அவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். மகளும் பேத்தியும் அவருடன் வாழ்கின்றனர்.

வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் மூன்றடி நீளமான கண்ணாடித் தொட்டி இருந்தது. அதன்மேல் நீலமும் வெண்மையும் கலந்த ஒளியைச் சொரியும் தட்டையான விளக்கொன்று தொங்கியது. உள்ளே, கல்லொன்றைப் பற்றியபடி, நூற்றுக்கணக்கான விரல்களை அசைத்துக்கொண்டு ஒரு கடற்சாமந்தி விரிந்திருந்தது. அந்த விரல்களினூடே, கரிய உடலில் வெண்பட்டைகளும் மஞ்சள் வாலும் கொண்ட கோமாளி மீன்கள் இரண்டு புகுந்து விளையாடின. சாமந்தியோ பால்போல் வெளுத்திருந்தது.

"வெண்டாமரை போல் எவ்வளவு அழகு!" என்றோம்.

நண்பரின் முகம் சற்றே வாடியது. "எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த வெண்மைதான் அதன் நோய்" என்றார்.

ஒளியே உணவு

கடற்சாமந்தி பூவன்று, விலங்கு. தன் விரல்களில் உள்ள நுண்ணிய கொட்டும் முட்களால் சிற்றுயிர்களை மயக்கிப் பிடித்து உண்பது. ஆயினும், கோமாளி மீனுக்கு இடங்கொடுக்கும் பெருஞ்சாமந்திகள் அந்த இரையை மட்டும் நம்பி வாழ்வன அல்ல. அவற்றின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. நெற்பயிரைப் போலவே அப்பாசிகளும் வெயிலை உண்டு சர்க்கரை சமைக்கின்றன; அதில் பெரும்பங்கைத் தமக்கு இடந்தந்த சாமந்திக்கு வாடகையாகக் கொடுக்கின்றன. சாமந்திக்கு மண்ணிறம் தருவனவும் அப்பாசிகளே. ஒளி குன்றினாலோ, நீர் சூடேறினாலோ பாசிகள் அகன்றுவிடுகின்றன. அப்போது சாமந்தி வெளுக்கிறது. நாம் அழகென்று வியந்தது, உண்மையில் நாளுக்கு நாள் பட்டினியால் மெலியும் ஓர் உயிரை.

மீனுக்கும் இதில் பங்குண்டு. மீனின் மேலுள்ள வழுவழுப்பான படலம் சாமந்தியின் கொட்டும் முட்களைத் தூண்டாதவாறு அமைந்திருப்பதால், வேறு மீன்கள் அஞ்சும் இடத்தில் இது அச்சமின்றி உறங்குகிறது. பதிலுக்குச் சாமந்தியைக் கொறிக்க வரும் வண்ணத்திப் பூச்சி மீன்களை விரட்டுகிறது. தன் கழிவால் நுண்பாசிகளுக்கு உரமிடுகிறது. இரவில் விரல்களிடையே புரண்டு அவற்றினூடே நீரோட்டம் உண்டாக்குகிறது. மீன், சாமந்தி, பாசி என்னும் மூவரும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடும்பம் இது. அக்குடும்பத்தின் அடுப்பு வெயில். வீட்டுக்குள் வெயில் ஏது?

"அதற்காகத்தான் இந்த விளக்கு" என்று நண்பர் மேலே காட்டினார். எல்.ஈ.டி. என்று ஊரார் சொல்வதும், எமது பாடநூல்கள் 'ஒளிகாலும் இருவாயி' என்று பெயரிட்டிருப்பதுமான விளக்கே அது. கடல்நீர் செந்நிற ஒளியை முதலில் விழுங்கிவிடும். நீல ஒளியே ஆழம்வரை செல்லும். ஆகவே, பாரில் வாழும் சாமந்தியும் அதன் பாசிகளும் நீலம் மிகுந்த ஒளிக்குப் பழகியவை. முன்னாளில் தொட்டி வளர்த்தோர் ஆவி விளக்குகளைப் பயன்படுத்தினர். அவை ஒளியோடு வெப்பத்தையும் வாரி இறைத்தன. இயல்பாகவே புழுங்கும் மட்டக்களப்பில், நீரை 26 பாகை அளவில் வைத்திருக்க வேண்டிய ஒருவருக்கு அது பெருந்தொல்லை. புதிய விளக்கு நீரை அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. நீலத்தையும் வெண்மையையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இடந்தருகிறது. நீல ஒளி தரும் இருவாயியை 1990களின் தொடக்கத்தில் ஆக்கி வெற்றி கண்ட ஜப்பானியரான அக்காசாக்கி, அமானோ ஆகியோருக்கும், ஜப்பானிற் பிறந்த நக்காமுராவுக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்களின் உழைப்பு புளியந்தீவில் ஒரு சாமந்திக்குச் சோறிடுகிறது என்பதை எண்ணுகையில் எமக்கு வியப்பாக இருந்தது.

முதலாவது தொட்டியின் கதை

தேநீர் வந்தது. நண்பர் தம் பழைய கதையைச் சொன்னார். 2003இல் வெளிவந்த நீமோ என்னும் மீனின் திரைப்படத்தைப் பார்த்த பேத்தி, தனக்கும் நீமோ வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளாம். அப்படத்தில் வரும் செம்மஞ்சள் மீன் எமது கடலுக்கு உரியதன்று. அந்தமான் தொடக்கம் கிழக்கே வாழ்வது. இலங்கைக் கடலில் வாழ்வன வேறு இனங்கள். நண்பர் அவற்றில் ஒரு சோடியையும், பாரிலிருந்து பெயர்த்தெடுத்த சாமந்தி ஒன்றையும் வாங்கி வந்தார்.

வாவி நீரை மொண்டு ஊற்றினாற் போதும் என்றே அயலார் எண்ணினராம். 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவி, மாரியில் வெள்ளம் வந்தால் நன்னீராகிறது. முகத்துவாரம் திறந்தால் உவர்நீராகிறது. அம்மாற்றம் வாவி மீன்களுக்குப் பழக்கமானது, சாமந்திக்கோ நஞ்சு. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு எந்நாளும் மாறாதிருக்க வேண்டும். ஆகவே, கடலுக்குச் சென்று கலன்களில் நீர் சுமந்தார் எமது ஆசிரியர்.

2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். "ஒளி இல்லாமற் சில நாள் தாங்கும். காற்றில்லாமல் ஓரிரவுகூடத் தாங்காது" என்றார் நண்பர். நீரைச் சுழற்றும் பம்பி நின்றுவிட்டது. அவரும் மகளும் முறைவைத்து விழித்திருந்து, செம்பால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தனராம். பக்கத்தில் மெழுகுதிரி எரிய, விடியும்வரை அந்தச் செம்பின் ஓசைதான் வீட்டில் கேட்டதாம். அப்படிப் பல இரவுகள். சாமந்தி பிழைத்தது.

ஆனால், மின்சாரம் சீரடைந்த பின்னரே கேடு வந்தது. சாமந்தி தன் அடிப்பாதத்தால் மெல்ல நகரவல்லது. இடம் பிடிக்காவிடின் நடந்து செல்லும். ஓரிரவு அவ்வாறு நடந்து பம்பியின் வாயருகே சென்று உள்ளிழுக்கப்பட்டு நைந்தது. அது மாண்டதால் நீர் நஞ்சாகி, விடியுமுன் மீன்களும் மாண்டன. பம்பியின் வாயில் ஒரு பஞ்சுத்துண்டைச் செருகியிருந்தாற் போதும்.

"இருளிலிருந்து காப்பாற்றினேன். ஒரு பஞ்சுத்துண்டை மறந்து கொன்றேன்" என்றார் நண்பர். அவர் குரலில் அன்றைய வருத்தம் இன்னும் இருந்தது. இனிக் கடலிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தாராம். இப்போதுள்ள சாமந்தியும் மீன்களும் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று விட்டுச்சென்றவை. சாதாரண மின்குமிழின் கீழ் நெடுநாள் கிடந்ததால் சாமந்தி வெளுத்துவிட்டது. அதனை மீட்கும் முயற்சி தொடங்கி நான்கு மாதமாகிறது.

பாசிக்குடாவில்

சாமந்தியை அதன் சொந்த வீட்டிற் காணவேண்டும் என்ற விருப்பம் எமக்கு எழுந்தது. மறுநாட் காலை ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, கிரான் ஊர்களைக் கடந்து, வாழைச்சேனை வழியே பாசிக்குடாவை அடைந்தோம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் குளம்போல் அடங்கியிருக்கும். கண்ணாடி அடித்தளம் வைத்த படகொன்றில் ஏறினோம். படகோட்டிய முதியவர் இளமையில் வண்ணமீன் பிடிக்கும் சுழியோடியாக இருந்தவர்.

இலங்கையின் வண்ணமீன் வாணிகம் பல பத்தாண்டுப் பழைமை உடையது. நாட்டின் முன்னோடிச் சுழியோடிகளுள் ஒருவரான ரொட்னி ஜொங்கிளாஸ், கடல் மீன்களைச் சேகரிப்பது பற்றி நூலே எழுதியிருக்கிறார். பின்னர் போர்க்காலத்தில் இக்கரையோரத்தார் விரும்பியபோதெல்லாம் கடலுக்குச் செல்ல முடியவில்லை. 2009இல் போர் ஓய்ந்ததும் கடல் மீண்டும் திறந்தது. அதனோடு பாரைத் தேடி வருவோரும் பெருகினர்.

முருகைக்கற்களிடையே முதியவர் படகை நிறுத்தினார். கண்ணாடியின் கீழே, மண்ணிறமும் பசுமையும் கலந்த பெருஞ்சாமந்தி ஒன்று அலையின் போக்கிற்கேற்ப ஆடியது. அதன் நடுவே ஒரு பெரிய மீன், அதனிற் சிறியது ஒன்று, ஓரத்திற் குஞ்சுபோல் இரண்டு. நீரைத் துளைத்து இறங்கிய கதிர்கள் அவற்றின்மேல் வலைபோல் அசைந்தன. எந்த விளக்கும் செய்யாத வேலை அது.

பெரியது பெண் என்று முதியவர் கூறினார். விஞ்ஞானிகளும் அதனையே கூறுவர். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. ஒரு சாமந்தியில் தலைமை தாங்கும் மீன் மட்டுமே பெண். அவள் மறைந்தால் அவளது துணைவனே பெண்ணாக மாறித் தலைமை ஏற்க, அடுத்த குஞ்சு துணைவனாக உயர்கிறது.

"அப்படியானால் ஒன்றிரண்டைப் பிடிப்பதாற் குடும்பம் அழியாதல்லவா, ஐயா?" என்று கேட்டோம்.

முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. "மீனைப் பிடிச்சா, மனே, கொஞ்ச நாளையால இன்னொண்டு வந்து குடியேறும். வீட்டையே பெயர்த்தெடுத்தா, மறுகா ஆரு வருவாங்க?" என்றார்.

அந்த ஒரு வினாவில் எல்லாம் அடங்கியிருந்தது. மீன் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்க முடியும். தமிழ்நாட்டின் மண்டபத்திலுள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வாறு பொரித்து வளர்த்திருக்கின்றனர். தொட்டியில் வளரும் கோமாளி மீனுக்குச் சாமந்தி கட்டாயமும் அன்று. கல்லிடுக்கொன்றைக்கூட வீடாகக் கொள்ளும். ஆனால், வாணிகத்துக்கு வரும் பெருஞ்சாமந்திகளிற் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பெயர்க்கப்படுகின்றன. அவற்றின் வளர்ச்சியோ மெதுவானது. கடல் சூடேறிய 1998இலும் 2016இலும் இலங்கையின் பார்கள் பல வெளுத்தன. அன்று வெப்பம் செய்ததை ஒரு சுழியோடியின் உளியும் செய்யக்கூடும். இதனை உணர்ந்தே போலும், வாழைச்சேனைக்கு வடக்கேயுள்ள காயாங்கேணிப் பார் 2019இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

யார் கையில்?

மாலையில் நண்பர் வீட்டுக்குத் திரும்பினோம். கண்டதைச் சொன்னோம். அவர் ஒரு பழைய செய்தியைக் கூறினார். ஸ்கொத்லாந்தில் சேர் ஜோன் டாலியெல் என்பவர் 1828இல் கரையோரத்திலிருந்து சிறு சாமந்தி ஒன்றை எடுத்துச் சென்று, கண்ணாடிச் சாடியில் வளர்த்தாராம். அவர் 1851இல் காலமானார். சாமந்தி சாகவில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, 'பாட்டி' என்ற செல்லப் பெயருடன் 1887 வரை வாழ்ந்தது. வளர்த்தவரைக் காட்டிலும் 36 ஆண்டு கூடுதலாக!

"எனக்கு எழுபது நடக்கிறது. இதை ஏற்கும்போதே, எனக்குப் பின் யார் என்று கேட்டுக்கொண்டுதான் ஏற்றேன்" என்றார்.

அப்போது பேத்தி ஒரு கொப்பியுடன் வந்தாள். விளக்கின் ஒளியை எந்த நாளில் எவ்வளவு கூட்டினார்கள் என்று அதில் எழுதியிருந்தாள். வெளுத்த சாமந்தியின்மேல் திடீரென்று முழு ஒளியைப் பாய்ச்சினால் அதுவும் தீங்காகும். நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதுபோற் சிறுகச் சிறுகத்தான் கூட்ட வேண்டும். இத்தனை நாளுக்கு ஒருமுறை பொடியாக நறுக்கிய இறாற்றுண்டு என்றும் குறித்திருந்தாள். பம்பியின் வாயிற் பஞ்சு இருக்கிறதா என்று நாள்தோறும் பார்த்து இட்ட அடையாளங்கள் ஒரு பக்கம் முழுவதும் நிறைந்திருந்தன.

"இங்கே வந்து பாருங்கள், மாமா" என்று எம்மைத் தொட்டியருகே அழைத்தாள். விரல்கள் அடித்தண்டோடு பொருந்தும் இடத்தைக் காட்டினாள். உற்றுப் பார்த்தோம். பழைய தேயிலைச் சாயம்போல் மங்கிய மண்ணிறம் அங்கே மெல்லப் படர்ந்திருந்தது. நேற்று அதனைக் கண்டிருந்தால் அழுக்கென்று நினைத்திருப்போம்.

"போன கிழமை இது இல்லை, அம்மப்பா" என்றாள். நண்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கொப்பியில் அன்றைய நாளைக் குறித்துவிட்டு, அவள் வெள்ளொளியைத் தணித்தாள். நீலம் மட்டும் சிறிது நேரம் நின்றது; பின் அதுவும் அணைந்தது. இரண்டு மீன்களும் சாமந்தியின் நடுவே ஒடுங்கிப் படுத்தன. நாம் விடைபெற்று வெளியே வந்தபோது மேகம் கலைந்து, வாவியின்மேல் நிலவு ஏறியிருந்தது. துடுப்பைக் காதில் வைத்துக் கேட்க நேரமில்லை. அதனை மற்றொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு, கல்லடிப் பாலத்தைக் கடந்தோம்.