கொழும்புக்குப் போன முள்

இப்போது உங்கள் வீட்டில் ஆளுக்கொரு கையில் ஆளுக்கொரு பாட்டு, சண்டையே இல்லை. ஒரே ரேடியோவை வைத்துக் கொண்டு ஒரு குடும்பம் பட்ட பாட்டைக் கேளுங்கள். வருஷம் 1952. ஊர் ராஜபாளையம். எனக்கு வயது ஒன்பது.

அந்த வருஷந்தான் டில்லியில் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியானார். சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. ஹார்மோனியத்தையே 1940-லிருந்து தள்ளி வைத்திருந்த ஆல் இந்தியா ரேடியோ, இப்போது சினிமாப் பாட்டின் நேரத்தையும் வெட்டியது. படமுதலாளிகள் முறைத்துக் கொண்டார்கள். பாட்டு அடியோடு நின்றது. பதிலுக்கு தேசிய சங்கீத நிகழ்ச்சி வந்தது. ஹிந்துஸ்தானிக் கச்சேரி புரிகிறதோ இல்லையோ, அப்பா கண்ணை மூடிக் கொண்டு முழுசும் கேட்பார். பாவம், நடுவில் குறட்டையும் வரும்!

அவர் மில் ஆபீசுக்குப் புறப்பட்டதும் ரேடியோ முள் கொழும்புக்குப் போய்விடும். இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடையேது? கல்யாணமாகி வந்த நாள்முதல் வாய் திறந்து பாடியிராத அம்மா, அடுப்படியில் முணுமுணுக்கத் தொடங்கியது அப்போதுதான். மாலையில் முள் பழையபடி திருச்சியில் நிற்கும். அப்பா வந்ததும் ரேடியோவின் தலையில் ஒரு தடவை கை வைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, பாட்டி வீட்டுக்குப் போனோம். விடியற்காலையில் பாட்டி, "நீயும் பாடேண்டி" என்றாள். திருப்பாவையின் முதல் பாசுரத்தை, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த நாட்டை ராகத்தில்தான் அம்மா ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் ஏதோ ஆயிற்று. அந்தத் தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' படத்து மெட்டு ஒன்று உள்ளே புகுந்து கொண்டது!

"ஆண்டாள் பிறந்த ஊரில் நின்றுகொண்டு, இது எந்த ஊர் மெட்டடி?" என்றாள் பாட்டி. அப்பா திண்ணையில்தான் இருந்தார். அம்மா அதற்கு மேல் பாடவில்லை.

ஊருக்குத் திரும்பியும் பாடவில்லை. ரேடியோவின் பக்கமே போகவில்லை. பத்து நாள் இருக்கும். அன்று மாலை அப்பா வழக்கம்போல் அதன் தலையில் கை வைத்தார். வால்வு ரேடியோ, கொஞ்சம் பாடினாலே தலை சுடும், அன்றும் ஜில்லென்றிருந்தது.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார்.

"ரேடியோவுக்கா?" என்று நான் கேட்டேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. முள்ளைத் தாமே கொழும்புக்குத் திருப்பிவிட்டு, "காபி ஆயிற்றா?" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.